சுதேசமித்திரன் சுப்பிரமணிய ஐயர்

'இந்து' என்னும் பெயரைக் கேட்டதும் அஃது ஏதோ சமயஞ் சார்ந்த பத்திரிகை என எண்ணுவோர் எம்மவருள் இன்றும் உளர். சென்னையில் அதனைத் தொடங்கிய வாலிபர்கள் சமயம் பரப்பப் புறப்பட்டவர்களல்லர். ஆட்சியாளர் செய்வனவற்றையும் செய்யத் தவறுவனவற்றையும் குடிகள் பக்கம் நின்று எழுதவேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். ஆதலால், அவ்வாலிபருள் முதல்வரான ஜி. சுப்பிரமணிய ஐயரைப் பற்றி எமது இந்து வாலிபர் சங்க மலரில் எழுதப் புகுந்தது பெயர்ப் பொருத்தம் நோக்கியன்று. அரசினரும் பத்திரிகையாளரும் எவ்வளவுக்கு ஒருவரையொருவர் நெருங்கலாம் என்ற கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்து திரிந்தவர் அவர். அக்கேள்வி எமக்கும் உரியது.

எமக்கு எவ்வாறு உரியது என்பதை மூத்தோருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வாலிபருக்காக ஒரு சொல். 1973ஆம் ஆண்டில் கொழும்பிலுள்ள ஏரிக்கரைப் பத்திரிகை நிறுவனத்தின் பெரும்பாலான பங்குகளை அரசினர் ஒரு சட்டத்தினாற் கைப்பற்றினர். அதனோடு எம் வாசிகசாலைகளுக்கு நெடுங்காலமாக வந்துகொண்டிருந்த 'தினகரன்' பத்திரிகையும் அரசின் வழிக்குச் சென்றது. முன்னர் அந்நிறுவனம் ஒரு கட்சியாருக்கு நெருக்கமானது என்று குறை கூறப்பட்டது. பின்னர், ஆட்சிக்கு வந்த ஒவ்வொரு கட்சியாருக்கும் அது நெருக்கமாயிற்று. இனி, போர் நடந்த ஆண்டுகளிலே வன்னிக்குக் கொழும்புப் பத்திரிகை வருவதே அரிதாயிருந்த காலத்தையும் எமது மூத்தோர் கண்டிருக்கின்றனர். பத்திரிகை வராத நாளில் வதந்தி வந்தது. வந்த நாளில், யார் சொல்லி எழுதினார்கள் என்ற ஐயமும் கூடவே வந்தது. நிற்க.

சுப்பிரமணிய ஐயர் 1855ஆம் ஆண்டு தைமாதம் தஞ்சை மாவட்டத்துத் திருவையாற்றிலே பிறந்தார். தந்தையார் கணபதி தீட்சிதர் வழக்குரைக்கும் தொழிலினர். ஐயர் சிறு பிள்ளையாயிருந்தபோதே தந்தையார் காலமானார். தஞ்சாவூரிற் படித்துப் பின்னர் சென்னைக்கு வந்து ஆசிரியப் பயிற்சி பெற்று, பாடசாலைகளிற் படிப்பித்துக்கொண்டே தாமாகப் பயின்று 1877இல் பீ. ஏ. பரீட்சையிற் சித்தியெய்தினார். இவ்வளவும் அக்காலத்து ஏழைப் பிராமணப் பிள்ளைகள் பலர் சென்ற வழியே. அவ்வழி வழக்கமாகச் சர்க்கார் கச்சேரியிற்போய் முடியும். ஐயருடைய வழி அங்கே முடியவில்லை.

அவர் சென்னையில் ஆசிரியராயிருந்த காலத்தில், அந்நகரின் பெரிய ஆங்கிலப் பத்திரிகைகள் ஆங்கிலேயர் கையிலே இருந்தன. 'மதராஸ் மெயில்', 'மதராஸ் டைம்ஸ்' என்பன அவற்றுட் சில. அவற்றின் பத்திராதிபரும் சர்க்கார் உத்தியோகத்தரும் ஒரே சாதியார், ஒரே விருந்துக்குச் செல்வோர், ஒரே கப்பலில் ஊருக்குப் போய்வருவோர். ஆகவே சர்க்கார் அப்பத்திரிகைகளை அடக்கவேண்டிய தேவை பெரிதும் எழவில்லை. இடையிடையே அவை சர்க்காரைக் கடிந்தும் எழுதின. ஆனால் அது வீட்டுக்குள்ளே நடக்கும் சச்சரவு போன்றது. வெளியில் நின்ற குடிகள் அந்த வீட்டினுள் வருவதில்லை.

சுதேச மொழிப் பத்திரிகைகளின் நிலை வேறு. 1878 மார்ச் மாதத்தில் வைசிராய் லிட்டன் பிரபு சுதேச மொழிப் பத்திரிகைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அச்சடிப்பவரிடமும் வெளியிடுபவரிடமும் பிணை எழுதி வாங்கலாம். பணமும் கட்டச் சொல்லலாம். தவறினால் பணத்தையும் அச்சு இயந்திரத்தையும் பறிமுதல் செய்யலாம். அதனை எதிர்த்து நீதிமன்றம் செல்ல இடமில்லை. பிணையிலிருந்து தப்ப விரும்புவோர்க்கு ஒரு வாசல் திறந்திருந்தது. அச்சேறுமுன் தாளைச் சர்க்கார் உத்தியோகத்தரிடம் காட்டித் திருத்திக்கொள்ள ஒப்பினாற் போதும். ஆங்கிலத்தில் அச்சாகும் பத்திரிகைக்கு இச்சட்டம் இல்லை. கல்கத்தாவில் வங்காளத்திலும் வெளிவந்துகொண்டிருந்த 'அமிர்த பஜார் பத்திரிகை' உடனே முழுவதும் ஆங்கிலமாகித் தப்பிக்கொண்டது யாவரும் அறிந்த கதை.

அடிக்கும் கையோடு அணைக்கும் கையும் நீண்டது என்பதையே பலரும் மறந்துவிடுகின்றனர். அதே லிட்டன் பிரபுவின் காலத்தில், பத்திரிகைகளுக்குச் சர்க்கார் செய்திகளை வழங்குவதற்கென ஓர் ஆணையாளரும் நியமிக்கப்பட்டார். செய்தி தேடி அலையவேண்டாம், நாமே தருகிறோம் என்பதுபோன்ற ஏற்பாடு. இதனைத் தீமை என்று மட்டும் சொல்வதற்கில்லை. சர்க்காரின் செயல்களை அறிய முடியாமல் இருந்த பத்திரிகைகளுக்கு அது பயன்பட்டது. ஆனாற் கொடுப்பவர் எதைக் கொடுக்காமல் விட்டார் என்பதை வாங்குபவர் அறிவதெங்ஙனம்? இன்று அமைச்சுக்கள்தோறும் இருக்கும் ஊடகப் பிரிவுகளைக் காணும் வாலிபர்கள், அவற்றின் பாட்டனாரை 1878இற் காணலாம்.

அவ்வாண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றத்து நீதிபதியாக டி. முத்துசாமி ஐயர் நியமிக்கப்பட்டார். அப்பதவியை அடைந்த முதல் இந்தியர் அவரே. வறுமையிற் பிறந்து, கிராமக் கணக்கருக்கு உதவியாளாகத் தொழில் தொடங்கியவர். ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் அந்நியமனத்தைக் குறைகூறி எழுதின. மறுத்தெழுத இந்தியர் கையில் ஆங்கிலப் பத்திரிகை ஒன்று சென்னையில் அப்போது இருக்கவில்லை. திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்திற் கூடிப் பேசும் பழக்கமுடைய ஆறு வாலிபர்கள் தாமே ஒன்று தொடங்குவதென்று துணிந்தனர். இருபத்துமூன்று வயதுச் சுப்பிரமணிய ஐயரும், இருபத்தொரு வயது வீரராகவாச்சாரியாரும் ஆசிரியர்கள். மற்றை நால்வரும் சட்டம் பயிலும் மாணவர்கள். கையிற் பணமில்லை. ஒரு ரூபாயும் பன்னிரண்டு அணாவும் கடன் வாங்கி, தங்கசாலைத் தெருவிலிருந்த ஸ்ரீநிதி அச்சகத்தில் எண்பது பிரதிகள் அடித்தனர். 1878 செப்டெம்பர் 20ஆம் நாள் 'இந்து' வாரப் பத்திரிகையாக வெளிவந்தது.

வாலிபர் சங்கங்கள் கூடிப் பேசிக் கலைவதோடு சரி என்று எம்மைப் பரிகசிப்போர் இந்த எண்பது பிரதிகளை நினைவிற் கொள்வார்களாக.

சட்ட மாணவர்கள் சில நாளில் வழக்கறிஞராகித் தத்தம் தொழிலுக்குச் சென்றனர். எஞ்சியவர் இருவர். ஐயர் எழுதினார், வீரராகவாச்சாரியார் கணக்கும் நிருவாகமும் பார்த்தார். ஐந்தாண்டுகள் பிறர் அச்சகங்களிற் காலங்கழித்து, 1883இல் மவுண்ட் வீதியிற் சொந்த அச்சகம் அமைத்து, வாரம் மூன்று முறை வெளியிட்டனர். 1889 ஏப்பிரில் முதலாம் நாள் அது நாளிதழாயிற்று. யாழ்ப்பாணத்துச் சைவ பரிபாலன சபையார் 'இந்து சாதனம்' தொடங்கியதும் அவ்வாண்டே. அது சமயங் காக்கத் தோன்றிய பத்திரிகை. இஃது அரசியல் பேசத் தோன்றியது.

சென்னையின் கவர்னராக 1881 முதல் 1886 வரை இருந்த கிராண்ட் டஃப் துரைக்கும் 'இந்து'வுக்கும் இடையே இணக்கம் இருந்ததில்லை. 1882இற் சேலத்தில் நடந்த கலவரத்தின் பேரில், அந்நகரசபை உறுப்பினரும் வழக்கறிஞருமான விஜயராகவாச்சாரியாருக்குப் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. ஐயருடைய பத்திரிகை அவர் பக்கம் நின்று வாதாடியது. பின்னர் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. பத்திரிகை எழுதியதனாலேயே விடுதலை கிடைத்தது என்று நாம் சொல்லோம். ஆனால், கவர்னரின் மாளிகைக்குப் போய்வரும் பத்திராதிபர் ஒருவர் அவ்வாறு எழுதியிருப்பாரா என்று கேட்பதிற் பிழையில்லை.

மறுபுறத்தில், லிட்டனுக்குப்பின் வந்த ரிப்பன் பிரபுவை ஐயர் மனமாரப் புகழ்ந்தார். ரிப்பன் பிரபுவே 1882இல் அந்தப் பத்திரிகைச் சட்டத்தை நீக்கியவர். நகர சபைகளிற் குடிகளுக்கு இடங்கொடுத்தவர். அரசைப் புகழ்வதும் நெருக்கந்தானே என்று வாலிபர் கேட்கக்கூடும். செய்த நன்மைக்காகப் புகழ்வது ஒன்று. செய்யப்போகும் உபகாரத்துக்காகப் புகழ்வது மற்றொன்று. இரண்டும் அச்சில் ஒரே மாதிரித்தான் தோன்றும். வேறுபாட்டை அறிய, அடுத்த வாரம் அதே பத்திரிகை அதே துரையைக் கடியவேண்டிய இடத்திற் கடிகின்றதா என்று பார்க்கவேண்டும். ஐயருடைய பத்திரிகை கடிந்தது.

எம் நாட்டிலே இந்த வேறுபாடு பற்றிய கேள்வி இன்னும் முன்னதாகவே எழுந்ததுண்டு. 1832இல் தேசாதிபதி ஹோட்டன் காலத்தில், அரசாங்க அச்சகத்திலிருந்தே 'கொழும்பு ஜேர்னல்' என்ற பத்திரிகை வெளிவந்தது. அரசாங்க உத்தியோகத்தர்களே அதில் எழுதினர். அரசாங்கமே பத்திரிகை நடத்துவது தகாது என்று இலண்டனிலிருந்து கட்டளை வர, இரண்டாண்டு நிறைவதற்குள் அது நின்றது. 1834இற் கொழும்பு வியாபாரிகள் 'ஒப்சேர்வர்' பத்திரிகையைத் தொடங்கினர். அந்த 'ஒப்சேர்வர்' பிற்காலத்தில் ஏரிக்கரை நிறுவனத்துக்குக் கைமாறி, 1973இல் அரசிடமே வந்து சேர்ந்தது. அரசாங்கப் பத்திரிகை தகாதென நிறுத்தப்பட்ட வெற்றிடத்திற் பிறந்தது, நூற்று முப்பத்தொன்பது ஆண்டுகளின் பின் அரசாங்கப் பத்திரிகையாயிற்று.

சுப்பிரமணிய ஐயர் பேனாவோடு நின்றவரல்லர். 1884இற் சென்னை மகாஜன சபையை நிறுவியோருள் அவரும் ஒருவர். 1885 டிசெம்பரிற் பம்பாயில் 72 பிரதிநிதிகள் கூடிய முதற் காங்கிரஸ் மகாசபையில் முதல் தீர்மானத்தைப் பிரேரித்தவர் அவரே. இந்திய நிருவாகத்தை விசாரிக்க ஒரு விசாரணைச் சபை வேண்டும் என்பது அத்தீர்மானம். பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1897இல், இந்தியாவின் வரவு செலவை ஆராய்ந்த வெல்பி விசாரணைச் சபையின் முன் இலண்டனிற் சாட்சியம் அளித்தார். கோகலே, சுரேந்திரநாத் பானர்ஜி, வாச்சா ஆகியோரும் அச்சபையின் முன் சாட்சியம் அளித்தவர்கள். தென்னாபிரிக்காவிலுள்ள இந்தியரின் துன்பத்தை எடுத்துச் சொல்லக் காந்தியடிகள் 1896இற் சென்னைக்கு வந்தபோது, அவருக்கு ஆதரவு காட்டியோருள் ஐயரும் ஒருவர். செய்தி எழுதுபவரே செய்தியிலும் இடம்பெறுவது தகுமா என்று இன்றைய பத்திரிகை உலகிற் கேட்கப்படுகின்றது. அடிமைநாட்டில் அக்கேள்விக்கு இடமிருக்கவில்லை. சபைகளில் அமர்ந்து கேட்கத் தெரிந்தவரே ஆங்கிலத்தில் எழுதவும் தெரிந்தவராயிருந்தனர்.

அரசின் நெருக்கத்தை விலக்கியவருக்கு வாசகரின் கோபத்தையும் விலக்க முடியவில்லை. அவருடைய மூத்த மகள் இளமையிலேயே விதவையானாள். விதவை விவாகத்தை ஏட்டில் ஆதரித்து எழுதி வந்த ஐயர், 1889இற் பம்பாயில் அம்மகளுக்கு மறுமணம் செய்வித்தார். உறவினரும் சாதியாரும் அவரை ஒதுக்கினர். பத்திரிகை வாங்கும் கனவான்களுள்ளும் பலர் வெறுத்தனர். சமூகச் சீர்திருத்தம் பற்றி அவர் எழுதியவற்றின் மேல் பங்காளியான வீரராகவாச்சாரியாருக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு முற்றி, 1898இல் ஐயர் 'இந்து'வை விட்டு நீங்கினார். கவர்னரால் வெளியேற்ற முடியாதவரைச் சந்தாதாரரின் முகச்சுளிப்பு வெளியேற்றியது என்றே நாம் எண்ணுகின்றோம். சர்க்காரின் பணத்தை வாங்காத பத்திரிகை வாசகரின் பணத்திலேயே வாழவேண்டும். வாசகர் எப்போதும் நியாயத்தின் பக்கம் நிற்பர் என்று நினைப்பது பேதைமை.

அவர் வெறுங்கையோடு செல்லவில்லை. பத்திரிகைச் சட்டம் நீக்கப்பட்ட அதே 1882ஆம் ஆண்டில் 'சுதேசமித்திரன்' என்ற தமிழ் வாரப் பத்திரிகையை அவர் தொடங்கியிருந்தார். ஆங்கிலம் கற்ற சிலர் ஆங்கிலேயரோடு ஆங்கிலத்தில் வாதாடுவதாற் குடிகளுக்கு ஆவது சிறிது என்பதை அவர் கண்டிருந்தார். 1899இற் சுதேசமித்திரன் நாளிதழாயிற்று. பாராளுமன்றம், வரவு செலவு, வரி, ஏற்றுமதி என்றிவற்றைத் தமிழில் நாள்தோறும் எழுதவேண்டியிருந்தது. எழுதுவதற்குரிய சொற்களையும் அவ்வப்போதே ஆக்கவேண்டியிருந்தது. இன்று நாம் அரசியற் செய்தியை எளிதாக வாசிக்கின்ற உரைநடையின் அடிக்கல்லில் ஒரு பங்கு அவருடையது. 1904 இறுதியில், மதுரையிற் பாடசாலை ஆசிரியராயிருந்த ஓர் இளைஞரை அழைத்துவந்து உதவியாசிரியராக அமர்த்தினார். அவர் பெயர் சுப்பிரமணிய பாரதி. மகாகவிக்கு உலக அரசியலைக் காட்டிக்கொடுத்த பள்ளிக்கூடம் சுதேசமித்திரன் காரியாலயம் என்றாற் பொருந்தும்.

தமிழ்ப் பத்திரிகையைச் சர்க்கார் எவ்வாறு நோக்கியது? மாகாண அரசினர் சுதேச மொழிப் பத்திரிகைகளை ஒழுங்காக வாசிப்பிக்க ஏற்பாடு செய்திருந்தனர். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு பத்திரிகையிலுமிருந்து சுருக்கம் எடுத்து ஆங்கிலத்தில் எழுத, அஃது இரகசிய அறிக்கையாக அச்சிடப்பட்டு மேலதிகாரிகளுக்குச் சென்றது. குடிகள் என்ன நினைக்கின்றனர் என்று அறிய அதுவும் ஒரு வழியே. ஆயினும், அறிந்து திருந்துவதற்காக வாசித்தவர் எத்தனை பேர், வழக்குப் போடுவதற்காக வாசித்தவர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

1905இல் வங்காளம் பிரிக்கப்பட்டது. சுதேசிக் கிளர்ச்சி தமிழ்நாட்டிலும் மூண்டது. ஐயருடைய எழுத்தும் சூடேறியது. முன்னர் விண்ணப்பம் எழுதிய கை, இப்போது ஆட்சியின் அடிப்படையையே கேள்வி கேட்டது. 1908இல் அரசினர் ஒவ்வொருவராகப் பிடித்தனர். மார்ச்சில் வ. உ. சிதம்பரம்பிள்ளை; ஜூனிற் பம்பாயில் திலகர். பாரதியார் எழுதிவந்த 'இந்தியா' பத்திரிகையின் சட்டப்படியான ஆசிரியர் கைதுசெய்யப்பட்டுத் தண்டனை பெற்றார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். ஓகஸ்டில் ஐயரின் முறை. நோயுற்று உடல்நலந் தேடிக் குற்றாலத்தில் தங்கியிருந்த அவரை இராசத் துரோகக் குற்றஞ்சாட்டிக் கைதுசெய்தனர்.

பெரியோர் சரித்திரம் எழுதுவோர் இனிவரும் இடத்தை விரைந்து கடந்துவிடுவர். நாம் சற்று நிற்போம். அப்போது ஐயருக்கு வயது ஐம்பத்துமூன்று. தோலைத் தின்னும் கொடிய நோய் அவரைப் பிடித்திருந்தது. சிறை சென்றால் மீளமாட்டார் என்பது கண்கூடு. ஆட்சியை எதிர்த்து இனி அவ்வாறு எழுதுவதில்லை என்று பிணை கொடுத்து அவர் விடுதலையானார். வழக்குக் கைவிடப்பட்டது.

இதனைக் கோழைத்தனம் என்று அன்று சொன்னவர்கள் உண்டு. வ. உ. சிதம்பரம்பிள்ளை சிறையிற் செக்கிழுத்தார். திலகர் ஆறாண்டு மாந்தளையில் இருந்தார். அவர்கள் அருகில் வைத்துப் பார்க்கும்போது ஐயரின் கையெழுத்துச் சிறுத்துத்தான் தோன்றும். எம்முட் சில வாலிபர்களும் அவ்வாறே கருதினர். மூத்தோர் சிலர் மறுத்தனர். நோயாளியின் கையைப் பிடித்துப் பெறும் கையெழுத்து எழுதியவரின் மானத்தைவிட வாங்கியவரின் மானத்தையே குறைக்கும் என்றனர். நாம் மூத்தோர் பக்கமே சாய்கின்றோம். ஆயினும் ஒன்றை மறைப்பதற்கில்லை. சிறையிலடைத்த எழுத்தாளரைக் குடிகள் நினைந்துகொண்டிருப்பர். பிணை எழுதிக்கொடுத்தவரோ மேசைமுன் அமரும்போதெல்லாம் ஓர் உத்தியோகத்தரையும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டே எழுதவேண்டும். மாலையில் துரையோடு தேநீர் அருந்தும் பத்திராதிபரின் நெருக்கத்தினும் இது கொடிய நெருக்கம். முப்பதாண்டுக்காலம் எந்த நெருக்கத்தை விலக்கி வந்தாரோ, அதனையே சர்க்கார் அவர்மீது சுமத்திற்று.

அந்த முறை நன்றாக வேலை செய்வதைச் சர்க்கார் கண்டுகொண்டது போலும். 1910ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டத்தில் அச்சக உரிமையாளரிடம் ஈடு வாங்கும் அதிகாரம் மீண்டும் வந்தது. புதிதாகத் தொடங்குவோரிடம் 500 முதல் 2000 ரூபாய் வரையும், முன்னரே நடத்துவோரிடம் 5000 ரூபாய் வரையும் கேட்கலாம். ஒரு ரூபாய் பன்னிரண்டு அணாவோடு பத்திரிகை தொடங்கிய காலம் அத்தோடு மறைந்தது. அச்சட்டம் 1922 வரை இருந்தது.

பின்வந்த ஆண்டுகளில் ஐயர் தளர்ந்தார். 1915இற் சுதேசமித்திரனை ஏ. ரங்கசாமி ஐயங்கார் பொறுப்பேற்றார். அவ்வாண்டு சென்னைக்கு வந்த காந்தியடிகள் நோயாளியான ஐயரைத் தேடிச் சென்று, அவருடைய புண்களைத் தம் மேலாடையால் துடைத்தார் என்பர். 1916 ஏப்பிரில் 18ஆம் நாள் ஐயர் காலமானார்.

அவர் தொடங்கிய 'இந்து'வை 1905இற் கஸ்தூரிரங்க ஐயங்கார் 75,000 ரூபாவுக்கு வாங்கினார். அஃது இன்றும் வெளிவருகின்றது. சுதேசமித்திரன் 1985இல் நின்றது. அதன் தொடக்ககால இதழ்கள் கிடைப்பது இன்று மிக அரிது. அக்காலத்தில் ஐயர் என்ன எழுதினார் என்று ஆராய்பவர்கள் ஆவணக் காப்பகத்துக்குச் சென்று, அவரை வேவு பார்ப்பதற்காகச் சர்க்கார் மொழிபெயர்த்து வைத்த அந்த இரகசிய அறிக்கைகளையே புரட்டுகின்றனர்.